புற்று இடித்த மனை

தம்பி,

இங்கே நான் நலம், அங்கே நீ நலமா என்று எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். நீயும் 'நலம்' என்று ஒரு வரி எழுதிப் போடுவாய். இந்தத் தடவை அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை தாளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எஸ்.டி.டி. பூத்தில் நின்று, மீட்டர் சிவப்பாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, பின்னால் நிற்கிறவன் தொண்டையைச் செருமும்போது சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதோடு, எழுத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. சிரிக்காதே. நீ சிரிப்பதைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உனக்கு நிச்சயம் பண்ணின அன்று நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். மாலதியின் அப்பா கோர்ட்டு வாசலில் மிஷின் போட்டு டைப் அடிக்கிறவர் இல்லையா, எதையும் வரிசையாகக் கேட்கிற மனிதர். வேலை, சம்பளம், திருப்பூரில் எங்கே தங்கியிருக்கிறாய் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "மாப்பிள்ளைக்குப் பழக்கவழக்கமெல்லாம் எப்படி?" என்றார். உன் பெரியப்பா முந்திக்கொண்டார். "எந் தம்பி மகனாச்சே. பீடி, சிகரெட்டு, தண்ணி ஒண்ணுங் கெடையாது. ஒரு கெட்ட பழக்கம் சொல்ல முடியாது அவன்கிட்ட." எல்லோருக்கும் திருப்தி. தட்டு மாற்றினோம். அப்புறம் அந்த வீட்டு அத்தை ஒருத்தி கை நிறையப் பால்கோவாவை எடுத்து உன் வாயருகே கொண்டு வந்தாள். நீ முகத்தைத் திருப்பி, அதைக் கையில் வாங்கிக்கொண்டாய். "மாப்பிளைக்கு வெக்கத்தப் பாரு" என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பார்த்தேன். நீ அந்தப் பால்கோவாவை விரலால் தட்டையாக அழுத்தி, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ளே தள்ளினாய்.

வெட்கப்படுகிறவன் அப்படிச் சாப்பிட மாட்டான். பந்தியிலும் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பாரைத் தொடவில்லை, ஊறுகாயை ஒதுக்கினாய், வெறும் தயிர்சோற்றைக் குழைத்துக் குழைத்து உறிஞ்சினாய். "வயிறு சரியில்லம்மா" என்றாய். திரும்பி வரும்போது பஸ்ஸில் உனக்குக் கொட்டாவி வந்தது. பாதியில் நின்றுவிட்டது. கொட்டாவியை யாராவது பாதியில் நிறுத்துவார்களா? உன் வாய் அதற்கு மேல் திறக்கவில்லை, தம்பி. வீட்டுக்கு வந்து உன் சட்டையை ஊறப்போட எடுத்தேன். பையில் பளபளவென்று பொட்டலத்தின் கிழித்த மூலைகள், ஒரு பிடி இருக்கும். பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்குகிறதே, அந்தப் பாக்குப் பொட்டலம். நான் கையை நீட்டிக் காட்டினேன். நீ கொஞ்சம்கூடப் பதறவில்லை. "வெறும் பாக்குத்தாம்மா. பொகையில கெடையாது. நைட் ஷிப்டுல தூக்கம் வராம இருக்கதுக்கு, கம்பெனியில எல்லாரும்தான் போடுதாங்க" என்றாய். திருப்பூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உன்னை ஏற்றிவிட்டு வந்து, ஊறப்போட்ட சட்டையைத் துவைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குச் சொல்லி வளர்த்ததெல்லாம் பாதிதான். அப்பா இறந்தபோது நீ ஐந்தாம் வகுப்பு. தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருப்பார், அது உனக்கு ஞாபகம் இருக்கும். பல்வலி என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். பிற்பாடு வியாதி என்றோம். அப்புறம் நீயாகத் தெரிந்துகொண்டாய். எப்படி வந்தது, எப்படி வளர விட்டோம், அது இந்த வீட்டில் எதையெல்லாம் தின்றது என்று யாரும் உட்கார்ந்து உனக்குச் சொல்லவில்லை. சின்னப் பிள்ளை மனசு கெட்டுப்போகும் என்று உன் அக்காதான் என் வாயை அடைத்துவிடுவாள். இன்று அவளிடமும் கேட்காமல்தான் எழுதுகிறேன்.

என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் இதே வார்த்தைதான். "மாப்பிள்ளை மில்லுல இருக்காரு. ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது." அதில் பொய் ஒன்றும் இல்லை. ராஜபாளையத்தில் மில் ஆளுக்குப் பெண் கொடுக்க அப்போது போட்டி. மாதச் சம்பளம், போனஸ், அதற்கு மேல் பீடி குடிக்க மாட்டான் என்கிற நிச்சயம். பஞ்சு கிடக்கிற இடமாச்சே. கேட்டில் வாட்ச்மேன் ஒவ்வொருவனையும் தடவிப் பார்ப்பான். தீப்பெட்டியோ பீடியோ அகப்பட்டால் அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆனால் இடுப்பில் செருகியிருக்கிற புகையிலைத் துண்டை வாட்ச்மேன் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுவான். அதில் நெருப்பு இல்லையே. உன் அப்பா பஞ்சு பிரிக்கிற ப்ளோரூமில் வேலை பார்த்தார். புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் தூசி தொண்டைக்குள் இறங்காது என்று அங்கே ஒரு நம்பிக்கை. தூக்கமும் வராது. எட்டு மணி நேரம் வாயில் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். வீட்டிலும் அது பழக்கத்தில் சேர்த்தி இல்லை, வெற்றிலைத் தட்டில் பாக்குக்குப் பக்கத்தில் வைக்கிற மரியாதைப்பட்ட சாமான். கடைக்குப் போனால் உப்பு, புளி, புகையிலை என்று ஒரே மூச்சில் சொல்லி வாங்கி வருவேன்.

இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக, பாலில் ஆடை படிந்த மாதிரி, ஒரு தடிப்பு வந்தது. "சூடு" என்றார். நானும் சூடு என்றேன். தெருவே சூடு என்றது. நம் ஊரில் எந்த நோய்க்கும் முதலில் வைக்கிற பெயர் அதுதானே. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், சனிக்கிழமை எண்ணெய்த் தலைமுழுக்கு. அந்தத் தடிப்பு ஒரு வருஷத்துக்கு மேல் பொறுமையாக இருந்தது. வலி கிடையாது. வலித்திருந்தால் நாங்கள் பயந்திருப்போம். அதற்கு அது தெரிந்திருந்தது என்றுகூட நான் சில நேரம் நினைப்பேன். பிறகு அந்த இடம் புண்ணாகி எரிய ஆரம்பித்தது. குழம்பு ஒதுங்கியது, ஊறுகாய் ஒதுங்கியது, சோறு குழைய வேண்டியிருந்தது. எரிச்சலுக்கு அவர் கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? "அடக்குனா மரத்துப் போவுதுட்டி, வலியே தெரியல" என்று அதே புகையிலையை அதே புண்ணின் மேல் வைத்துக்கொண்டார். பல் ஆடியது. பிடுங்கினோம். பிடுங்கின இடம் ஆறவே இல்லை. பல் வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மதுரைக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னார்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுக்காரர். "பொகையில போடுவீங்களா?" என்று கேட்டார். "எப்பவாச்சும்" என்றார் உன் அப்பா. "எந்தப் பக்கம் அடக்குவீங்க?" என்றார் டாக்டர். அதற்கு உன் அப்பா வாயால் பதில் சொல்லவில்லை, விரல் தானாக மேலே போய் இடது கன்னத்தைத் தொட்டது. துண்டு கட்டியிருந்த அதே கன்னம். டாக்டர் அதைப் பார்த்தார், நான் பார்த்தேன், கடைசியில் உன் அப்பாவும் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். சதை எடுத்துப் பரிசோதித்து, முடிவு வந்த அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு டாக்டர் சொன்னார்: "புத்து நோய்மா. இப்பவே அறுத்து எடுத்துட்டா பொழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. தள்ளிப் போட்டுராதீங்க." நமக்குப் புரிய வேண்டுமே என்று நல்ல மனசோடு தமிழில் சொன்னார். அவர் கேன்சர் என்று சொல்லியிருந்தால் உன் அப்பா ஒருவேளை இன்றைக்கு இருந்திருப்பார். கிறுக்குத்தனமாகத் தெரிகிறதா? செத்த நேரம் பொறு.

டாக்டர் சொன்னதை பஸ் ஏறும்போது உன் அப்பாவிடம் சொன்னேன். திருமங்கலம் தாண்டினதும் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார். "புத்துன்னா சொன்னாரு?" நான் ஆமாம் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. செட்டியார்பட்டிப் பக்கம் நாம் ஒரு மனை வாங்கியிருந்தோம். அவருடைய போனஸ், என் நகை, எல்லாம் அதில் போட்டது. அந்த மனையின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு புற்று இருந்தது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வந்த கொத்தனார், "இதுல நான் கை வைக்க மாட்டேன்" என்று தள்ளி நின்றுகொண்டார். உன் அப்பா சிரித்துவிட்டு, கடப்பாரையை வாங்கித் தானே இடித்தார். பாம்பு கீம்பு ஒன்றும் வரவில்லை, கறையான்தான் கொட்டியது. அது நடந்து கொஞ்ச காலத்தில் கன்னத்தில் தடிப்பு. இப்போது டாக்டர் வாயாலேயே புற்று. இரண்டும் ஒரே சொல்லாக இருந்தது. அது போதுமாக இருந்தது எங்களுக்கு.

பெரியப்பாவிடம் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவர். "நான் அன்னைக்கே சொன்னம்லா, அதுல கை வைக்காதலேன்னு. வியாதிக்குப் பேரே புத்துங்கான் டாக்டரு. இதுக்கு மேல என்ன அத்தாச்சி வேணும் ஒனக்கு? கத்தி பட்டா அது கோவத்துல ஒடம்பு பூரா பரவிரும். ஒரு மண்டலம் பால் ஊத்துவோம். அது எறங்கட்டும். பொறவு ஆஸ்பத்திரியப் பாப்போம்." உன் அப்பாவுக்கும் கத்தி என்றால் பயம். தாடையை எடுத்துவிட்டால் மில்லில் யார் வேலைக்கு வைப்பான் என்ற பயம் அதைவிடப் பெரிசு. டாக்டர் தள்ளிப் போடாதே என்று சொன்னது என் காதில் இருந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் பால் செம்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவள் நான்தான். பயந்தவள் காலுக்கு அருகில் எந்த வழி கிடக்கிறதோ அதில் போய்விடுவாள்.

புற்றுதான் இல்லையே. இடித்துத் தரைமட்டமாக்கிய மண்ணில்தான் பாலை ஊற்றினோம். முட்டை, மஞ்சள், பூ. பால் உள்ளே இறங்க ஓட்டை இல்லாமல் மண்ணின் மேல் வெள்ளையாகத் தேங்கி நின்று, பிறகு மெல்ல உறிஞ்சப்படும். ஒரு நாள் அப்படி ஊற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், உன் அப்பா ஈர வேட்டியோடு கும்பிட்டு நிற்கிறார், வலது கன்னம் உப்பியிருக்கிறது. "என்னது வாயில?" என்றேன். "அந்தப் பக்கம் வலிக்குன்னு இந்தப் பக்கம் மாத்தி வச்சிருக்கேன்" என்றார். சாமி காரியத்துக்கு வந்த இடத்தில் ஏன் கத்த வேண்டும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். தம்பி, மண்ணுக்குப் பால் வார்த்து மன்னிப்புக் கேட்ட அந்த நாளெல்லாம் குற்றவாளி அவர் இடுப்பில்தான் இருந்தான், நான் மளிகைக் கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தவன். அவன் பக்கம் எங்களில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் பெயர்தான் கெட்ட பழக்கத்தில் இல்லையே.

மண்டலம் முடிந்து மதுரைக்குப் போனபோது கழுத்தில் நெல்லிக்காய் மாதிரி கட்டி இறங்கியிருந்தது. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனி அறுக்க முடியாது. கரண்டு வச்சுப் பாப்போம்" என்றார். கதிர் வைத்தியத்தை நம் ஜனங்கள் சொல்கிற மாதிரியே அவரும் கரண்டு என்று சொன்னார்.

இலவச வைத்தியம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். கரண்டுக்குக் காசு வாங்கவில்லை, அது உண்மை. ஆனால் ராஜபாளையத்துக்கும் மதுரைக்கும் பஸ் இலவசமில்லை. அவர் படுத்திருக்க, கூட இருந்த நான் தின்ற சோறு இலவசமில்லை. சோறு இறங்காதவருக்கு வாங்கிய பால், பழச்சாறு, வெளியே எழுதிக் கொடுத்த மருந்து, ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு, ஆஸ்பத்திரி வாசலில் வாடகைக்கு எடுத்த பாய் எதுவும் இலவசமில்லை. மில்லில் கொஞ்ச காலம் அரைச் சம்பளம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அப்போது நான் வீட்டிலிருந்தே பேண்டேஜ் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அந்த வேலையும் போயிற்று. காயத்துக்குக் கட்ட அந்தத் துணியையே மதுரைக் கடையில் விலை கொடுத்து வாங்கினேன். நம் பக்கத்தில் மடித்து அனுப்பியது என்று மடிப்பைப் பார்த்தாலே தெரிந்தது எனக்கு. நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று எவ்வளவு மறைத்தாலும் உன் அப்பா வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். இளநீர் வாங்கி வந்தால், "இது எம்புட்டு?" என்பார். சொன்னால் குடிக்க மாட்டார். கடைசியில் பேச்சு குழறி, உன் சிலேட்டைக் கொண்டு வரச் சொல்லி எழுதிக் காட்டினார். 'வீட்டுக்குப் போவோம். பிள்ளைகளுக்கு வை.' வைக்க அதற்குள் ஒன்றும் மிச்சமில்லை என்று நான் சொல்லவில்லை.

மனையை விற்றோம். வாங்க வந்தவர்கள் எல்லோருக்கும் கதை தெரிந்திருந்தது. "புத்து இடிச்ச மனையாமே" என்று பாதி விலைக்குக் கேட்டார்கள். மனைக்குப் பழி சொன்னதே நாங்கள்தான், அதனால் வாயைத் திறந்து பேரம் பேச முடியவில்லை. வாங்கினவர்கள் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் ஒருவருக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்லை. அந்த வழியாகப் போகும்போது அவர்கள் போர்ட்டிகோவைப் பார்ப்பேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

மனை போனது பெரிசில்லை, தம்பி. உன் அக்கா செல்வி போனாள். ஒன்பதாவதில் அவள்தான் கணக்கில் முதல். அப்பா மதுரையில் கிடந்தபோதே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினேன். விடிவதற்கு முன்னால் வேன் வந்து ஹாரன் அடிக்கும். பெரிய டீச்சர் வீடு தேடி வந்து, "நல்லாப் படிக்கிற பிள்ளம்மா, அனுப்புங்க" என்று கெஞ்சினார்கள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த செல்விதான் வெளியே வந்து, "எனக்குப் படிப்பு ஏறல டீச்சர்" என்றாள். அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். அப்பா போன பிறகும் அந்த வியாதி இந்த வீட்டில் வருஷக்கணக்காக உட்கார்ந்து சாப்பிட்டது. கடன் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள், செல்வியின் வாரக் கூலி உள்ளே வராமல் வாசலோடு போய்விடும். கடன் அடைந்த பிறகு அவள் கூலியில் உன்னை ஐ.டி.ஐ. படிக்க வைத்தோம். அப்புறம்தான் அவளுக்கு மாப்பிள்ளை தேடினோம். நாள் கடந்துபோனதால் ரெண்டாந்தாரமாகத்தான் அமைந்தது. மச்சான் நல்ல மனிதர், அதில் குறை இல்லை. ஆனால் அவள் கணக்குப் போட வேண்டிய கையில் தீப்பெட்டி மருந்து வாசனை இன்னும் போகவில்லை. உன் நிச்சயத்துக்கு வந்திருந்தபோது அந்தக் கையால்தான் உனக்குத் திருநீறு பூசினாள்.

இதையெல்லாம் மனசில் போட்டுக்கொண்டு நீ பாதிக் கொட்டாவி விட்டதைப் பார்த்தவளுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். மறுநாளே இங்கே ஒரு பல் டாக்டரம்மாவிடம் போனேன். என் பல்லைக் காட்டாமல் உன்னைப் பற்றிச் சொன்னேன். "வெறும் பாக்குத்தான்னு சொல்லுதான் டாக்டர்" என்றேன். "அந்தப் பாக்குதாம்மா கன்னத்தை இறுக்குது. பொகையில இல்லாட்டியும் இறுக்கும்" என்றார்கள். இது இன்னும் கேன்சர் என்று ஆகிவிடவில்லையாம். அதற்கு முந்தின படியாக இருக்கலாமாம். எந்தப் படியில் நிற்கிறாய் என்று பார்த்தால்தான் தெரியுமாம். இறுகினது முழுக்க இளகாவிட்டாலும், இன்றே பாக்கை நிறுத்திவிட்டு மருத்துவத்துக்கு வந்தால் மேலே போகாமல் பிடிக்கப் பார்க்கலாமாம். "எரிச்சல் இருக்குன்னா தாமதிக்காதீங்க" என்றார்கள். உன் அப்பாவுக்குக் கிடைத்த வாய்ப்பைவிட இது பெரிய வாய்ப்பு. அதையும் ஒரு மண்டலம் தள்ளிப்போட்டுவிடாதே. கல்யாணம் முடியட்டும், தீபாவளி போனஸ் வரட்டும், மாசக் கடைசி போகட்டும் என்று நீ சொல்லப்போவதெல்லாம் எனக்கு மண்டலக் கணக்காகத்தான் கேட்கும். இந்தத் தடவை விற்க மனை இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்துவதற்கு வீட்டில் பெண்பிள்ளையும் இல்லை. அவள் இனிமேல்தான் உனக்குப் பிறக்க வேண்டும்.

இப்போது நீ கோபப்படப் போகிற இடத்துக்கு வந்துவிட்டேன். பத்திரிகை அடிக்கக் கொடுக்கவில்லை. பெரியப்பா அச்சகத்துக்குப் புறப்பட்டவரை நிறுத்தி வைத்துவிட்டு, நேற்று நான் ஒருத்தியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வந்தேன். மாலதியின் அப்பா கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பா, புற்று, பால், செல்வி, உன் சட்டைப் பை, உன் கொட்டாவி, ஒன்று விடாமல். அன்றைக்குக் கெட்ட பழக்கம் இல்லை என்று எங்கள் பக்கம் சொன்னது தப்பு என்றும், உன்னை மதுரை ஆஸ்பத்திரியில் காட்டப்போகிறேன் என்றும் சொன்னேன். அவர் சம்சாரம் உள்ளே போய் அழுதது கேட்டது. கடைசியில் அவர், "நீங்க சொல்லாட்டி எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார். நன்றியாகச் சொன்னாரா, ஏன் சொன்னாய் என்று நொந்துகொண்டாரா, எனக்குப் புரியவில்லை. சம்பந்தம் முறிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டு எழுந்தேன்.

மாலதி வாசல்வரை வந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் கேட்டாள். "அத்த, அன்னைக்கு ஒங்ககிட்ட யாராச்சும் வந்து இப்படிச் சொல்லியிருந்தா, நீங்க மாமாவக் கட்டியிருப்பீங்களா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அப்புறம் சொன்னேன்: "கட்டியிருப்பேன்மா. ஆனா தாலிக்கு முன்னால வாயத் தொறந்து காட்டச் சொல்லியிருப்பேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டு யோசித்தாள். "அவிய எப்ப வாராகன்னு சொல்லுங்க. மதுரைக்கு நானும் வாரேன். டாக்டர் சொல்றத நானும் கேக்கணும். அதுக்குப் பொறவு நான் முடிவு சொல்லுதேன்" என்றாள். அவள் அப்பா உள்ளே இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. அவள் சரி என்று சொல்வாள் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். மாட்டேன் என்று சொன்னாலும் அந்தப் பெண் மேல் எனக்கு வருத்தம் கிடையாது.

லீவு சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸைப் பிடித்து வா. வழியில் எந்த ஸ்டாண்டில் நின்றாலும் அந்தச் சரம் தொங்குகிற பக்கம் போகாதே. என்னைக் கேட்காமல் போய் மானத்தை வாங்கிவிட்டாயே என்று உனக்கு ஆத்திரமாக வரும். வரட்டும். வாசலில் கால் வைத்ததும் தெருவே கேட்கிற மாதிரி, வாயை நன்றாகத் திறந்து என்னைத் திட்டு. எவ்வளவு திறக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.

அம்மா